மதனப்பள்ளியில் வாழ்ந்த மாதரசி மார்கரெட் கசின்ஸ் அம்மையார்

பாகாலா சந்திப்பிலிருந்து மூன்று இருப்புப்பாதைகள் பிரிந்து செல்கின்றன. ஒன்று திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் வருவது. மற்றொன்று சித்தூர் வழியாகக் காட்பாடியை அடைவது. மூன்றாவது மதனப்பள்ளி ரோடு நிலையத்தைக் கடந்து தர்மாவரம் போவது. நம் காலனிக் குடும்பங்களுக்கு இம்மூன்றும் பழகிய வழிகள். பணி மாற்றம், திருமணம், வைத்தியம் என ஏதேனும் ஒரு காரியமாக இவ்வழிகளில் போகாதார் நம்மில் இலர். ஆயினும் மதனப்பள்ளியில் கல்லூரி ஆசிரியையாகவும் காட்பாடிக்கு அடுத்த வேலூரில் சிறைக் கைதியாகவும் வாழ்ந்த ஓர் அம்மையாரை நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தாம் மார்கரெட் கசின்ஸ் அம்மையார். இந்திய மாதர் இன்று வாக்குச் சாவடியில் ஆடவருக்கு நிகராக வரிசையில் நிற்கின்றனர் எனில், அதற்கு முதற்கல் நாட்டியவர்களுள் இவரும் ஒருவர்.

தமிழ்ச் சங்க மலரில் அயர்லாந்து தேசத்துப் பெண்மணியின் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். பிறந்த மண்ணை விட்டு வந்து பிற மொழி வழங்கும் ஊரில் வாழ்ந்து, அவ்வூரைத் தம் ஊராகவே கொண்டவர் இவர். நாமும் அத்தகைய வாழ்க்கை உடையவர்களே. மேலும், அவர் எதற்காகப் பாடுபட்டாரோ அது நம் சங்கத்தில் இன்னும் முற்றுப்பெறவில்லை. அதனை இறுதியில் கூறுவோம். முதலில் அவர்தம் வாழ்க்கையைக் காண்போம்.

1878-ஆம் ஆண்டு அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் பாயில் என்னும் சிற்றூரில் அம்மையார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மார்கரெட் எலிசபெத் கில்லெஸ்பி. வீட்டார் கிரெட்டா என்று அழைத்தனர். பிள்ளைகள் பலர் பிறந்த பெரிய குடும்பத்தில் இவரே மூத்தவர். இளமையிலேயே இசையில் பேரார்வம் கொண்டிருந்தார். டெரி நகரத்துப் பெண்கள் பள்ளியில் பயின்று, பின்னர் டப்ளின் நகரத்து இசைக் கழகத்தில் சேர்ந்து, 1902-இல் இசையில் பட்டம் பெற்றார். பெண்கள் பட்டம் பெறுதல் அரிதாக இருந்த காலம் அது. மறு ஆண்டு கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் என்பாரை மணந்தார். கணவரும் மனைவியும் புலால் உண்ணாதவர்கள். இந்திய ஞான நூல்களில் நாட்டமுடையவர்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் உரிமை ஒன்றே என்பதில் ஒரு மனப்பட்டவர்கள். இல்லறத்தில் இத்தகைய ஒற்றுமை அமைவது பெரும் பேறு அன்றோ!

அந்நாளில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெண்களுக்கு இல்லை. வரி செலுத்தும் பெண்ணும், பட்டம் பெற்ற பெண்ணும், பிறருக்கு வேலை கொடுத்து ஊதியம் அளிக்கும் பெண்ணும் வாக்கற்றவர்களாகவே இருந்தனர். 1906-இல் மான்செஸ்டர் நகரில் நடைபெற்ற மாதர் மாநாட்டில் கலந்துகொண்டது முதல் அம்மையார் இவ்வியக்கத்தில் ஈடுபட்டார். 1908-இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்னும் தோழியாருடன் சேர்ந்து அயர்லாந்து மாதர் வாக்குரிமைக் கழகத்தைத் தோற்றுவித்தார். தெரு முனைகளிலும் சந்தைகளிலும் நின்று பேசினார். கேலியும் கூச்சலும் எழுந்தபோதும் பேச்சை நிறுத்தவில்லை.

விண்ணப்பங்கள் பயனற்றுப் போகவே, இயக்கத்தார் கல்லெடுக்கத் துணிந்தனர். 1910-இல் டப்ளினிலிருந்து இலண்டனுக்குச் சென்ற மாதர் குழுவில் அம்மையாரும் ஒருவர். அமைச்சர் மாளிகைகளின் சாளரக் கண்ணாடிகளை உடைத்தமைக்காக ஹாலோவே சிறையில் ஒரு திங்கள் அடைக்கப்பட்டார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் மசோதா பாராளுமன்றத்தில் வந்தபோது, அதிலும் மாதருக்கு வாக்கு இல்லையென்று கண்டு, 1913 ஜனவரியில் டப்ளின் கோட்டையின் சாளரங்களை உடைத்தார். மீண்டும் ஒரு திங்கள் சிறைவாசம். டல்லமோர் சிறையில் தம்மையும் தோழியரையும் அரசியல் கைதிகளாக நடத்தவேண்டுமென்று கோரி உண்ணாவிரதம் இருந்தார். கல்லெறிதல் நன்றா தீதா என்பது இன்றும் ஆராயத்தக்கதே. ஆனால் நாடு விடுதலை பெறும்போது அந்நாட்டின் பாதி மக்களை மறந்துவிடலாகாது என்ற அவர் கருத்தில் பிழை காண்பதற்கில்லை.

நிற்க. 1915-இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்றுக் கசின்ஸ் தம்பதியர் இந்தியா வந்தனர். ஜேம்ஸ் கசின்ஸ் சென்னையில் பெசன்ட் அம்மையாரின் நியூ இந்தியா நாளிதழில் பணியேற்றார். மறு ஆண்டு டப்ளினில் ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் புரட்சி வெடித்தது. அப்புரட்சியாளர்களைப் பாராட்டி அவர் எழுதிய கட்டுரை அரசினரின் சினத்துக்கு இலக்காயிற்று. நாளிதழ்ப் பணியை அவர் இழக்க நேர்ந்தது. பெசன்ட் அம்மையார் அவரை மதனப்பள்ளியில் 1915-இல் தொடங்கப்பெற்றிருந்த தியசாபிகல் கல்லூரிக்கு அனுப்பினார். கட்டுரையொன்று அவர்களைச் சென்னையிலிருந்து அகற்றியது. அதனால் நன்மை அடைந்தது நம் சித்தூர்ச் சீமையே.

மதனப்பள்ளி முன்னர்க் கடப்பை மாவட்டத்தில் இருந்து, 1911-இல் சித்தூர் மாவட்டம் புதிதாக அமைந்தபோது அதனுடன் இணைக்கப்பட்ட ஊர். 2022 வரையில் அம்மாவட்டத்திலேயே இருந்தது. அக்காலத்தில் பாகாலாவிலிருந்து குறுகலான மீட்டர் பாதையில் வண்டி மெல்ல ஊர்ந்து செல்லும். மதனப்பள்ளி ரோடு நிலையத்தில் இறங்கியபின் ஊரை அடையச் சில கல் தொலைவு சாலை வழியே போகவேண்டும். கல்லூரியில் அம்மையார் ஆங்கிலம் கற்பித்தார். மாணவர்கள் அனைவரும் ஆண்கள். அவர்தம் தாய்மாரும் மனைவியரும் எங்கே என்பதே அம்மையார் உள்ளத்தில் எழுந்த வினா.

அவ்வினாவின் பயனாக ஊர்ப் பெண்கள் கூடும் சங்கம் ஒன்று மதனப்பள்ளியில் உருவாயிற்று. அபலா அபிவர்த்தினி சமாஜம் என்பது அதன் பெயர். வலிமையற்றோரை வளர்க்கும் சங்கம் என்று பொருள்படும். பெயரிலேயே அக்காலத்தின் மனப்பாங்கு விளங்கக் காணலாம். தங்களுக்கென்று கூடிய இடத்திலும் மாதர் தங்களை அபலைகள் என்றே குறித்துக்கொண்டனர். டப்ளின் கோட்டையில் கல்லெறிந்த கைக்கு இங்கே கல் தேவைப்படவில்லை. வாரந்தோறும் ஓரிடத்தில் கூடுதல், எழுதப் படிக்கக் கற்றல், தம் கருத்தைப் பிறர் முன்னிலையில் கூறப் பழகுதல் ஆகியவையே தேவைப்பட்டன.

மதனப்பள்ளியில் முளைத்த வித்து அடையாற்றில் மரமாயிற்று. 1917 மே 8-ஆம் நாள் இந்திய மாதர் சங்கம் அங்கே நிறுவப்பட்டது. அன்னி பெசன்ட் அம்மையார் தலைமை ஏற்றார். டொரோதி ஜினராஜதாசா அம்மையாரும் மார்கரெட் கசின்ஸ் அம்மையாரும் அதனை நிறுவி நடத்தியோருள் முன்னின்றனர். கிளைச் சங்கங்கள் ஊர்தோறும் எழுந்தன. ஸ்த்ரீ தர்மம் என்னும் இதழ் ஆங்கிலத்தோடு தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளிலும் கட்டுரைகளைத் தாங்கி வெளிவந்தது. அதன் ஆசிரியப் பொறுப்பையும் அம்மையார் ஏற்றார்.

அதே ஆண்டில் இந்தியா மந்திரி மாண்டேகு, அரசியல் சீர்திருத்தம் பற்றி மக்கள் கருத்தை அறிய இந்தியா வந்தார். பெண் கல்வியைப் பற்றி அவரிடம் முறையிட அம்மையார் அனுமதி வேண்டினார். அரசியல் பொருள் பற்றிய தூதுக் குழுக்களுக்கு மட்டுமே பேட்டி அளிக்கப்படும் என்று மறுமொழி வந்தது. அலுவலகங்களில் கோப்புகளோடு பழகும் நம் போன்றோர் அத்தகைய மறுமொழியைக் கண்டால் காகிதத்தை மடித்து வைத்துவிடுவோம். அம்மையாரோ, அரசியல்தான் வேண்டுமெனில் அரசியலையே கேட்போம் எனத் துணிந்து, மாதருக்கு வாக்குரிமை வேண்டும் என்ற கோரிக்கையை விண்ணப்பத்தில் சேர்த்தார். 1917 டிசம்பரில் சென்னையில் சரோஜினி நாயுடு அம்மையார் தலைமையில் மாதர் தூதுக் குழு மாண்டேகுவையும் வைசிராய் செம்ஸ்போர்டையும் கண்டது. இந்தியாவில் பெண்கள் வாக்குரிமை கோரி அரசினர்முன் நின்ற முதல் நிகழ்ச்சி இதுவே. விண்ணப்பத்தை வரைந்தவர் மார்கரெட் அம்மையார். தலைமை தாங்கிப் பேசியவர் இந்தியப் பெண்மணி. இம்முறையையே அம்மையார் தம் வாழ்நாள் முழுதும் கைக்கொண்டார்.

கோரிக்கை உடனே பலிக்கவில்லை. வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சௌத்பரோ குழுவினர், இந்தியச் சமுதாய நிலையில் மாதருக்கு வாக்களித்தல் இயலாதென்று முடிவு கூறினர். 1919-ஆம் ஆண்டுச் சட்டமோ, அந்தந்த மாகாணச் சட்டசபை விரும்பினால் வழங்கலாம் என்று விட்டுவிட்டது. சென்னை மாகாணம் தயங்கவில்லை. 1921-இல் சென்னைச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றி, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் மாதருக்கு முதன்முதல் வாக்குரிமை அளித்த பெருமையைப் பெற்றது. அந்நாளில் சித்தூரும் திருப்பதியும் மதனப்பள்ளியும் அம்மாகாணத்தில் அடங்கியவை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. தமிழரும் தெலுங்கரும் ஒரே சட்டசபையில் அமர்ந்து செய்த நற்செயல் அது. ஆயினும் சொத்தும் வரியும் உடையவர்க்கே அன்று வாக்கு. சொத்துடைய பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆகவே பட்டியலில் இடம்பெற்ற மாதர் தொகை மிகச் சிறிதே.

இதற்கிடையில் மதனப்பள்ளிக் கல்லூரியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறாது விடுதல் தகாது. 1919 பிப்ரவரியில் கவியரசர் ரவீந்திரநாத் தாகூர் அக்கல்லூரிக்கு வந்து தங்கினார். 1911-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாக் காங்கிரஸில் பாடப்பெற்ற ஜன கண மன என்னும் தம் பாடலை அங்கே பாடிக் காட்டினார். இசைப் பட்டம் பெற்ற மார்கரெட் அம்மையார் அம்மெட்டை மேனாட்டு முறையில் ஸ்வரப்படுத்தி எழுதினார். கவியரசர் அப்பாடலைத் தம் கையாலேயே ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்ததும் அங்கேதான். மெட்டே அம்மையார் அமைத்தது என்று சிலர் கூறுவர், அது சரியன்று. மெட்டு கவியரசருடையது, அதனை எழுத்தில் பதித்த தொண்டு அம்மையாருடையது. 1950-இல் அப்பாடல் நாட்டுப் பண்ணாக அறிவிக்கப்பட்டபோது அம்மையார் உயிரோடிருந்தார்.

1920-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக அம்மையார் நியமிக்கப்பட்டார். இந்தியாவில் அப்பதவியை ஏற்ற முதல் பெண்மணி அவரே. 1926-இல் மாதர் சட்டசபையில் அமரவும் வழி பிறந்தது. அம்மையார் தாம் போட்டியிட முயலவில்லை. இளம்பெண்ணான கமலாதேவி சட்டோபாத்தியாயரைத் தேர்தலில் நிற்குமாறு ஊக்கினார். கமலாதேவி சொற்ப வாக்குகளில் தோற்றாலும், சட்டசபைத் தேர்தலில் பெண் போட்டியிடலாம் என்பதை நாடு கண்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நியமன உறுப்பினராகச் சென்னைச் சட்டசபையில் நுழைந்து அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் ஆற்றிய பணியைத் தமிழ் மக்கள் நன்கறிவர்.

1927 ஜனவரியில் பூனாவில் அகில இந்திய மாதர் மாநாடு முதன்முறை கூடியது. அதற்கு அழைப்புக் கடிதங்கள் எழுதி நாடெங்குமுள்ள மாதரை ஒன்றுகூட்டியவர் மார்கரெட் அம்மையார். தலைமை ஏற்றவர் பரோடா மகாராணியார். முதலில் கல்வியையே கருதிய அம்மாநாடு, பின்னர்க் குழந்தை மணத்தைத் தடுக்க 1929-இல் இயற்றப்பட்ட சாரதா சட்டத்துக்குத் துணை நின்றது. 1932-இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரி தோன்றக் காரணமாயிற்று. 1931-இல் லாகூரில் அனைத்து ஆசிய மாதர் மாநாடு கூடியதும் அம்மையார் எடுத்த முயற்சியினாலேயே. அதன்பின், இந்திய மாதர் தாமே தலைமை ஏற்க வந்துவிட்டனர் எனக் கண்டு, அம்மையார் தாமாகவே ஓரடி பின்வாங்கி நின்றார். நிறுவியோர் நாற்காலியை விட்டெழ மனமில்லாமற் போவதைப் பல சங்கங்களில் காண்கிறோம். அம்மையாரிடம் அக்குறை இல்லை.

ஆனால் சிறை செல்லும் வேளை வந்தபோது அவர் பின்வாங்கவில்லை. 1932-இல் காந்தியடிகள் முதலானோர் சிறையில் இருந்தனர். அரசினர் அவசரச் சட்டங்களால் மக்களின் வாயை அடைக்க முற்பட்டனர். அச்சட்டங்களைக் கண்டித்துச் சென்னையில் அம்மையார் வெளிப்படையாகப் பேசினார். ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு வேலூர் மாதர் சிறையில் அடைக்கப்பட்டார். ஒரு காலத்தில் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தவர், ஐம்பத்து நான்காம் வயதில் கைதியாக நின்றார். இலண்டனிலும் அயர்லாந்திலும் தம் தேச மாதருக்காகச் சிறை சென்றவர், வேலூரில் நம் தேசத்துக்காகச் சிறை சென்றார்.

1940-களில் பக்கவாத நோய் அவரை வீழ்த்தியது. வருவாய் குன்றிய அந்நாளில் சென்னை அரசும், பின்னர்ப் பிரதமர் நேருவும் அவர்தம் தொண்டை மதித்துப் பொருளுதவி செய்தனர். 1950-இல் கணவரும் அவரும் சேர்ந்து எழுதிய தன் வரலாற்று நூல் சென்னையில் வெளியாயிற்று. 1954 மார்ச் 11-ஆம் நாள் அடையாற்றில் அம்மையார் இயற்கை எய்தினார். இரண்டாண்டு கழித்து ஜேம்ஸ் கசின்ஸ் மதனப்பள்ளியில் மறைந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டிய கருத்து ஒன்றுண்டு. வாக்குரிமை என்பது ஒரு வீட்டுக்கு வழங்கப்படும் சலுகை அன்று. ஒருவர்க்கு அவர்தம் பெயரால் உரியது. 1930-களில், சொத்துடைய ஆடவரின் மனைவியர்க்கு, மனைவியர் என்ற காரணத்தால் வாக்களிக்கலாம் என்று அரசினர் கருதினர். வாக்காளர் தொகை பெருகுமே என்று மாதர் சங்கங்கள் அதனை மகிழ்ந்து ஏற்கவில்லை. வயது வந்த அனைவருக்கும் வாக்கு வேண்டும். மணத்தால் வரும் வாக்கு வேண்டா என்றே வற்புறுத்தின. எனினும் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையையே புகுத்தியது. விடுதலைக்குப் பின் நம் அரசியல் சட்டமே அனைவருக்கும் வாக்களித்து அக்குறையைத் தீர்த்தது.

சட்டம் தந்தும் வழக்கம் எளிதில் விடவில்லை. 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைக் கூற மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே கூறினர். சொந்தப் பெயர் தராத சுமார் 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. சட்டம் கையில் கொடுத்த வாக்கு, பெயர் கூறாமையால் கைநழுவிப் போயிற்று.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். நம் விதிப்படி ஒரு குடும்பத்துக்கு ஒரு சந்தா. ஒரு சந்தாவுக்கு ஒரு வாக்கு. பதிவேட்டில் இருப்பது குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே. மனைவியார் குடும்பத்தினர் என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார். பொங்கல் விழாவுக்குச் சமைப்பவரும் கோலமிடுபவரும் அவர்களே. பள்ளியில் தெலுங்கு பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் எழுத்துக் கற்பிப்பவரும் அவர்களே. அவ்வகுப்பு இல்லையெனில் இம்மலரைப் படிக்க அடுத்த தலைமுறையில் ஆளிருக்குமா என்பது ஐயமே. எனினும் பொதுக்குழுவில் கை தூக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. நம் உறுப்பினர்களில் ஓட்டுநரும் கார்டும் நிலையப் பணியாளரும் பலர். பொதுக்குழு நாளில் அவர்கள் வண்டியோடு எங்கோ இருக்க, மனைவியார் கூடத்தில் அமர்ந்திருந்தும் அவ்வீட்டுக்கு வாக்கில்லாமற் போகிறது.

இரு வாக்கு அளித்தால் வீட்டுக்குள் கட்சி பிறக்கும் என்று மூத்த அன்பர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் புதிதன்று, சென்ற நூற்றாண்டில் டப்ளினிலும் சென்னையிலும் இதுவே கூறப்பட்டது. நாட்டுத் தேர்தலில் கணவனும் மனைவியும் தனித்தனியே வாக்களித்து வருகின்றோம். அதனால் எந்த வீட்டு அடுப்பும் அணைந்ததாகத் தெரியவில்லை. சந்தா கூடுமே என்று வேறு சிலர் கூறுகின்றனர். கூட்டவேண்டிய தேவை இல்லை. குடும்பச் சந்தா இன்றுள்ளபடியே இருக்கட்டும். பதிவேட்டில் ஒரு வரி கூடினால் போதும். அவ்வரியில் மனைவியாரின் பெயர், இன்னாரின் மனைவி என்றன்றி, அவர்தம் சொந்தப் பெயராக எழுதப்படட்டும். அவர்களும் வாக்களிக்கவும் செயற்குழுவுக்கு நிற்கவும் உரியவராகட்டும்.

வரும் பொதுக்குழுவில் இவ்விதித் திருத்தம் ஆராயப்படவேண்டுமென்று செயற்குழுவினரை வேண்டுகிறோம். சகோதரிமார்களையும் ஒன்று வேண்டுகிறோம். உங்களுக்காகப் பிறர் பேசட்டும் என்று இருந்துவிடாதீர்கள். தீர்மானத்தை முன்மொழிபவர் உங்களுள் ஒருவராக இருத்தல் வேண்டும். மார்கரெட் அம்மையார் மதனப்பள்ளிப் பெண்களுக்குக் கற்பித்ததும் அதுவே.

வாழ்க அம்மையார் புகழ்! வளர்க நம் சங்கம்!